“ஏன்?” என்று கேட்ட கணக்கு அதிகாரி

1907-ம் ஆண்டு. கல்கத்தாவில் பௌபஜார் தெரு. டிராம் வண்டிகள் ஓடும் தெரு. ஆபீசுக்குப் போகிறவர்களும், வீடு திரும்புகிறவர்களும் அந்தத் தெரு வழியாகத் தினமும் போய் வந்தார்கள்.

அந்தத் தெருவில் 210-ம் எண் கட்டிடத்தில் ஒரு பெயர்ப் பலகை இருந்தது. இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்பது அந்த இடத்தின் பெயர். எத்தனையோ பேர் அந்தப் பலகையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள்.

டிராமில் போன ஒரு தமிழ் இளைஞரும் அதைப் பார்த்தார். வயது பதினெட்டு. ஊருக்குப் புதியவர். கணக்கு இலாகாவில் உத்தியோகம். “உள்ளே என்ன நடக்கிறது?” என்ற கேள்வி அவர் மனதில் எழுந்தது. போய்க் கதவைத் தட்டினார்.

அந்த இளைஞர்தான், பிற்காலத்தில் உலகமே போற்றிய விஞ்ஞானி சர் சி.வி.ராமன்.

நோபல் பரிசு பெற்ற மேதை என்று ராமனை எல்லோரும் அறிவார்கள். ஆனால் அவர் பத்து ஆண்டுக் காலம் ஒரு ஆபீஸ் உத்தியோகஸ்தராக இருந்தார் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சொந்த ஊரை விட்டு, தன் பாஷை பேசாத நகரத்துக்கு வந்து, பகல் முழுவதும் கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தவர் அவர். வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அவருடைய கதை மிகவும் நெருக்கமானது.

அவரை உயர்த்தியது படிப்பு மட்டும் அல்ல. படித்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். எதைப் பார்த்தாலும் “ஏன்?” என்று கேட்கும் ஆவலும், கேட்ட கேள்வியை விடாமல் துரத்தும் பிடிவாதமுமே அவரை உயர்த்தின.

டாக்டர் தடுத்தார்

திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர அய்யர் கல்லூரி ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே குடியேறியது. வெளியூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை ராமன்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1904-ல் பி.ஏ. பரீட்சையில் பௌதிகத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். மாணவராக இருந்தபோதே, 1906-ல், அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. 1907-ல் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

இவ்வளவு கெட்டிக்காரப் பையனை இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசிரியர்கள் விரும்பினார்கள். ஆனால் பரிசோதித்த டாக்டர், “அந்த ஊர்க் குளிர் உன் உடம்புக்குத் தாங்காது” என்று தடுத்துவிட்டார்.

விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அந்த நாளில் இந்தியாவில் ஏற்ற வேலை இல்லை. எனவே நிதி இலாகாப் பரீட்சை எழுதினார் ராமன். அதிலும் முதலாவதாகத் தேறினார். உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் பதவி கிடைத்தது. அதே ஆண்டில் லோகசுந்தரி அம்மாளை மணந்து, மனைவியுடன் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

மற்ற யாராக இருந்தாலும் அத்தோடு நிம்மதி அடைந்திருப்பார்கள். சர்க்கார் உத்தியோகம், கௌரவமான சம்பளம், கடைசிக் காலத்தில் பென்ஷன். இதற்கு மேல் என்ன வேண்டும்? ராமனுக்கு வேண்டியிருந்தது.

பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை

பௌபஜார் தெருவில் இருந்த கழகத்தை 1876-ல் தொடங்கியவர் மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காள டாக்டர். இந்தியர்கள் தாங்களே விஞ்ஞான ஆராய்ச்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய கனவு. சொற்பொழிவுகள் நடந்தன. கருவிகளும் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றைக் கொண்டு ஆராய்ச்சி செய்ய ஆள் வரவில்லை. கனவு நிறைவேறுவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

ராமன் கதவைத் தட்டியபோது திறந்தவர் ஆசுதோஷ் டே என்ற ஊழியர். கழகத்தின் காரியதரிசியாக இருந்தவர் மகேந்திரலாலின் மகன் அமிர்தலால் சர்க்கார். “ஓய்வு நேரத்தில் இங்கே வந்து ஆராய்ச்சி செய்யலாமா?” என்று கேட்ட இளைஞரை அவர் இரு கரம் நீட்டி வரவேற்றார்.

அன்று முதல் ராமனின் நாள் இப்படித்தான் கழிந்தது:

காலை 5½ மணிக்குக் கழகத்தில் இருப்பார். 9¾ மணிக்கு வீடு திரும்புவார். அவசரமாகக் குளியல், அவசரமாகச் சாப்பாடு. பிறகு ஆபீஸ். மாலை 5 மணிக்கு ஆபீஸ் முடிந்ததும் வீட்டுக்குப் போவதில்லை. நேரே கழகம். இரவு 9½ அல்லது 10 மணிக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழகத்திலேயே.

இதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. ‘ஓவர்டைம்’ கிடையாது. “செய்” என்று உத்தரவு போட்டவரும் இல்லை.

அதற்காக அவர் ஆபீஸ் வேலையில் அலட்சியம் காட்டவில்லை. நிதி இலாகாவின் திறமையான அதிகாரிகளில் ஒருவர் என்று மேலதிகாரிகளிடம் பெயர் வாங்கினார். ஆவல் உள்ளவன் சொந்த வேலையைக் கெடுத்துக்கொள்வான் என்பார்கள். ராமனிடம் அந்தப் பேச்சு பலிக்கவில்லை.

1909-ல் ரங்கூனுக்கு மாற்றல் வந்தது. அடுத்த ஆண்டு நாகபுரிக்கு மாற்றல். 1911-ல் மீண்டும் கல்கத்தா. மாற்றல் உத்தரவு என்றால் குடும்பம் எப்படி அலையும் என்பது உத்தியோகஸ்தர்களுக்குத் தெரியும். ராமனும் அலைந்தார். ஆனால் ஆராய்ச்சியை விடவில்லை.

மிருதங்கமும் பாடம் சொன்னது

பெரிய கருவிகள் இல்லையே என்று ராமன் காத்திருக்கவில்லை. அன்றாடம் கண்ணில் பட்டதையும், காதில் விழுந்ததையும் ஆராய்ந்தார். வயலின் தந்தி எப்படி அதிர்கிறது? வீணையின் நாதம் ஏன் அப்படி இனிக்கிறது? தண்ணீரில் ஒரு பொருள் விழும்போது ‘தொப்’ என்ற சத்தம் எங்கிருந்து பிறக்கிறது? இவையெல்லாம் அவருடைய ஆராய்ச்சிப் பொருள்கள்.

கச்சேரி கேட்கும் தமிழர்கள் எல்லோரும் மிருதங்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதன் வலந்தலையில் கறுப்பு வட்டமாகக் கரணை இட்டிருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அது எதற்கு?

சாதாரணத் தோல் கொட்டில் எழும் ஓசைகள் ஒன்றோடு ஒன்று சுருதி சேர்வதில்லை. அதனால் அது வெறும் சத்தமாக ஒலிக்கிறது. மிருதங்கத்திலும் தபலாவிலும், நடுவில் ஏற்றிய அந்தக் கறுப்புப் பூச்சின் பாரம், ஓசைகளை ஒழுங்குபடுத்திச் சுருதி சேர்க்கிறது. நம் நாட்டுக் கைவினைஞர்கள் அனுபவத்தால் கண்டுபிடித்து வைத்திருந்த இந்த நுட்பத்தின் காரணத்தை ராமன் விளக்கினார். 1920-ல் அது உலக விஞ்ஞானிகள் படிக்கும் பத்திரிகையில் வெளிவந்தது.

சம்பளம் பாதியாயிற்று

கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர் சர் ஆசுதோஷ் முகர்ஜி. ராத்திரியும் பகலும் உழைக்கும் இந்தக் கணக்கு அதிகாரியைப் பற்றி அவர் அறிந்தார். பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார்.

1917-ல் ராமன் சர்க்கார் உத்தியோகத்தை ராஜினாமா செய்தார். புதிய வேலையில் சம்பளம் ஏறத்தாழப் பாதி. “கிடைத்த உத்தியோகத்தை விடுவதா?” என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராமன் ஒரே நாளில் துணிந்து குதிக்கவில்லை. பத்து ஆண்டுகள் ஓய்வு நேரத்தில் உழைத்து, தன்னால் முடியும் என்று தனக்கும் மற்றவர்களுக்கும் நிரூபித்த பிறகே வேலையை விட்டார். ஆவல் அவரைத் தூண்டியது. நிதானம் அவரைக் காத்தது.

கடல் ஏன் நீலம்?

1921-ல் ராமன் முதல் முறையாக இங்கிலாந்து போனார். ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்காகப் போனார். திரும்பும்போது ‘நர்குண்டா’ என்ற கப்பல். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீல நிறத்தைப் பார்த்தார். வழக்கமான கேள்வி பிறந்தது: கடல் ஏன் நீலமாக இருக்கிறது?

அதற்குப் பதில் அப்போதே இருந்தது. வானம் ஏன் நீலம் என்று விளக்கிய பெரிய விஞ்ஞானி ராலே பிரபு, “கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான்” என்று சொல்லியிருந்தார். பெரியவர் சொல்லிவிட்டார், பிறகு என்ன என்று உலகமும் ஏற்றுக்கொண்டிருந்தது.

ராமன் மரியாதையோடு சந்தேகப்பட்டார். அவரிடம் ஒரு சிறிய பட்டகக் கருவி இருந்தது. நீர் மட்டத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத் தடுத்துவிடும் சக்தி அதற்கு உண்டு. கப்பல் தளத்தில் நின்று அதன் வழியாகக் கடலைப் பார்த்தார். பிரதிபலிப்பு மறைந்தது. நீலம் மறையவில்லை. முன்னிலும் நன்றாகத் தெரிந்தது!

நீலம் வானத்திலிருந்து கடன் வாங்கியது அல்ல. தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது என்று ராமன் முடிவு செய்தார். நீரின் மூலக்கூறுகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் கட்டுரையை இங்கிலாந்துக்குத் தபாலில் அனுப்பினார். தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிவிடுவதும் கடலின் நீலத்துக்கு முக்கிய காரணம் என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. ஆனால் கேள்வி அத்தோடு நிற்கவில்லை. அது வேறோர் இடத்துக்கு அழைத்துச் சென்றது.

கணக்கில் இடித்த சில்லறை

கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. லட்சக்கணக்கான ரூபாய் வரவு செலவில் ஐந்து பைசா இடிக்கும். “அற்பத் தொகைதானே, ஏதோ கைப்பிழை” என்று தள்ளிவிட ஆசை வரும். நல்ல கணக்கர் தள்ளமாட்டார். அந்த ஐந்து பைசாவுக்குப் பின்னால் பெரிய விஷயம் ஒளிந்திருக்கலாம்.

ராமனின் ஆராய்ச்சிச் சாலையிலும் அப்படி ஒரு சில்லறை இடித்தது. திரவங்களுக்குள் ஒளியைச் செலுத்தி, அது எப்படிச் சிதறுகிறது என்று மாணவர்கள் சோதித்தார்கள். உள்ளே போன நிறமே வெளியே வரவேண்டும். 1923-ல் கே.ஆர்.ராமநாதன் என்ற மாணவர் மிக மங்கலாக வேறொரு நிறமும் வருவதைக் கண்டார். திரவத்தில் அழுக்கு இருக்கும் என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். அந்த மங்கல் வெளிச்சம் போகவில்லை.

ராமன் அதை மறக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் ஆயின.

1927-ம் ஆண்டின் கடைசியில் எஸ்.வெங்கடேஸ்வரன் என்ற இளைஞர், கிளிசரினில் சிதறும் சூரிய ஒளி நீலமாக இல்லாமல் பச்சையாக இருப்பதைக் கண்டார். இந்த வெங்கடேஸ்வரன் முழு நேர ஆராய்ச்சியாளர் அல்ல. அலிப்பூரில் அரசாங்கச் சோதனைச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் ராமனிடம் வந்தவர். அவருக்குப் பகலில் வேலை. சோதனைக்கோ சூரிய ஒளி வேண்டும். எனவே ராமன், தென்பாண்டிச் சீமையின் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணனை அந்தச் சோதனையில் ஈடுபடுத்தினார்.

சோதனை எளிமையானது. சூரிய ஒளியை ஊதா நிறக் கண்ணாடி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினார்கள். வெளியே வரும் இடத்தில் ஊதாவைத் தடுக்கும் பச்சைக் கண்ணாடியை வைத்தார்கள். எந்த வெளிச்சமும் வரக்கூடாது. ஆனால் மங்கலாக வெளிச்சம் வந்தது! சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் வந்தது.

ஒளி, மூலக்கூறின் மேல் பட்டுத் திரும்பும்போது, சில சமயம் தன் சக்தியில் ஒரு சிறு பங்கை அதனிடம் கொடுத்துவிடுகிறது. சில சமயம் அதனிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. அதனால் நிறம் மாறுகிறது. கொடுக்கல் வாங்கல் எவ்வளவு என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். ஆகவே நிற மாற்றத்தைப் பார்த்து, அது என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். மாறும் ஒளியோ, ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்குதான்.

1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி கண்டறிந்த அந்த உண்மைதான் ‘ராமன் விளைவு’. பயன்படுத்திய கருவிகளின் மதிப்பு சில நூறு ரூபாய். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. போலி மருந்தையும், போதைப் பொருளையும், வெடி மருந்தையும் கண்டுபிடிக்க இன்று கையடக்கக் கருவிகள் வந்திருக்கின்றன. அவற்றில் பல ராமன் விளைவைக் கொண்டே வேலை செய்கின்றன. பிப்ரவரி 28-ந்தேதியை 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாக நாடு கொண்டாடி வருகிறது.

கல்லூரிப் படி ஏறாதவர்

“ராமன் பிறவி மேதை. நம்மால் ஆகுமா?” என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர்கள், அன்று கதவைத் திறந்துவிட்ட ஆசுதோஷ் டேயை நினைக்க வேண்டும்.

அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. கழகத்தில் ஒரு உதவியாளர். ஆனால் பக்கத்தில் நடக்கும் வேலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காமல், அதைப் புரிந்துகொள்ள விரும்பினார். கருவிகளைக் கையாளக் கற்றார். அளவு எடுக்கக் கற்றார். முடிவில், ராமன் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் அச்சேறின.

சென்னைத் துறைமுகத்தில் 1912-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜனையும் நினைக்கலாம். கணித மேதையாக இருந்தும் கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர் அவர். தான் கண்ட கணக்குகளை 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். “குமாஸ்தாவுக்கு எதற்கு இந்த ஆசை?” என்று அவர் எண்ணியிருந்தால் அந்தக் கடிதம் போயிருக்காது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

வம்பு வேறு, ஆவல் வேறு

ஆவல் எல்லோரிடமும் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு யார் வந்தார்கள், மானேஜருக்கும் சூபர்வைசருக்கும் என்ன சண்டை என்று அறியும் ஆவல் யாருக்கும் குறைவில்லை. அது வம்பு. தெரிந்துகொண்டதும் தீர்ந்துவிடும். மனிதனை ஓர் அங்குலமும் உயர்த்தாது.

அறிவை வளர்க்கும் ஆவல் வேறு. தினமும் ஓட்டும் இயந்திரம் ஏன் அந்த இடத்தில் மட்டும் சூடாகிறது? தினமும் பூர்த்தி செய்யும் பாரத்தில் அந்தப் பத்தி எதற்காக இருக்கிறது? தான் அனுப்பும் பைல் அடுத்த மேஜையில் என்ன ஆகிறது? பத்து ஆண்டுகளாக வசிக்கும் ஊரின் பஸ் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? இப்படிக் கேட்கிறவன் நாளடைவில் தன் வேலையை மட்டும் அல்ல, பக்கத்து வேலையையும் தெரிந்தவன் ஆகிறான். சிக்கல் வரும்போது, “அவரைக் கூப்பிடு” என்று சொல்வது அப்படிப்பட்ட ஆளைத்தான்.

அதற்குச் செலவு அதிகம் இல்லை. ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். மனதில் எழும் கேள்வியை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒரு கேள்வியையாவது விடை காணும் வரை துரத்த வேண்டும். தெரிந்தவர்களிடம் கேட்க வெட்கப்படக்கூடாது. அவர் வயதில் சிறியவராக இருந்தாலும், வேறு பாஷைக்காரராக இருந்தாலும் சரி. கிடைத்த பதிலைக் கூடுமானவரை தானே சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்று சட்டைப் பையில் இருக்கும் தொலைபேசியில் எந்தக் கேள்விக்கும் நொடியில் பதில் வந்து விழுகிறது. வசதிதான். ஆனால் கடலின் நீலத்துக்கும் அன்று தயாராக ஒரு பதில் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. பதில் கிடைத்ததும் கேள்வியை மூடிவிடுகிறவர்கள் பலர். ராமன் கருவியை எடுத்துக்கொண்டு கப்பல் தளத்துக்குப் போனார்.

கேள்வி கேட்பவர்களுக்கெல்லாம் பரிசு கிடைக்கும் என்றோ, பதவி உயர்வு வரும் என்றோ சொல்ல முடியாது. ராமனுக்குக் கூட, அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்த நாளிலிருந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் பரிசு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவரை நடத்திச் சென்றது பரிசைப் பற்றிய நினைப்பு அல்ல. காலை 5½ மணிக்கு எழுந்து போக ஒரு காரணம் இருந்தது. அன்னிய ஊர் அவருக்கு அன்னியமாக இல்லை. ஆபீஸ் நாற்காலி அவருடைய எல்லையாகவும் இல்லை.

1933-ல் ராமன் பெங்களூருக்குக் குடிவந்தார். 1948-ல் அங்கே தம் பெயரில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். வயது எழுபதைத் தாண்டிய பிறகும், தோட்டத்துப் பூக்களின் நிறம் எங்கிருந்து வருகிறது, மனிதனின் கண் அந்த நிறத்தை எப்படி உணர்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். 1968-ல், எண்பதாவது வயதில், கண் பார்வையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1970-ம் ஆண்டு நவம்பர் 21-ந்தேதி காலமானார்.

கணக்கு இலாகாவிலிருந்து பென்ஷன் வாங்கும் வயதைக் கடந்த பிறகும், “ஏன்?” என்று கேட்கும் வேலையிலிருந்து அவர் ஓய்வு பெறவில்லை.